எது சாமான், எது கொசுறு

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் அவருக்கு ஏழெட்டு பில் போட்டிருப்பேன். எல்லாமே அவர் மனைவி செல்லம்மாள் பெயரில். "எம் பேரு எதுக்குங் கண்ணு, சாமான் ஊட்டுக்குத்தான போவுது, ஊடு அவளுது" என்று சொல்லிவிடுவார். அதனால் நாமக்கல்லில் நான் சேல்ஸ்மேனாக இருந்த டிவி கடையில் அவருக்கு நாங்களாக வைத்த பெயர் கொசுறுக்காரர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் வைத்திருந்த விவசாயி. கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி. வாசலூர்பட்டியில் பஸ் இறங்கி, படகு விடுகிற ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அவர் வீடு. மலை இறங்கிக் கடைக்கு வந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். ஏசி குளிரில் கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்று, எந்தச் சாமானைக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"கூட என்னங்க?"

முதல் தடவை மிக்சி வாங்க வந்தார். நான் மோட்டாரைப் பற்றியும் பிளேடைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினேன். அப்போது எனக்குப் பெரிய வாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூட என்னங்க என்றார். அந்த மாதம் மிக்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இலவசம். எடுத்துக் கொடுத்தேன். மிக்சியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், பக்கெட்டை எங்கள் கடைக் குழாயில் கொண்டுபோய் நிறையத் தண்ணீர் பிடித்துத் தரையில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒழுகவில்லை. "பக்கெட்டு நல்லாருக்குது. மிக்சியக் கட்டுங்க" என்றார்.

கடையில் எல்லோரும் சிரித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் விளக்கினார்: "சாமானை எல்லாரும் நல்லாத்தான் பண்ணுவாங்க கண்ணு. இல்லீன்னா ஆரு வாங்குவா? கொசுறை நல்லாப் பண்ணோணும்னு எவனுக்கும் கட்டாயமில்லீங்க. அதையும் நல்லாப் பண்ணறான் பாருங்க, அவங்கிட்ட வாங்கோணும்."

நான் எம்.பி.ஏ. படிக்கவில்லை. படித்திருந்தால் இதை அங்கேயும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை கேட்பது எல்லோரும் செய்வது. அவர் அதோடு நிற்கவில்லை. ஊசி போட்ட டாக்டரிடம் கூட என்னங்க என்று கேட்டு ஒரு அட்டை சத்து மாத்திரை வாங்கி வந்ததை எங்களிடம் எடுத்துக் காட்டினார். ஏரியில் படகில் ஏறினால் நேரம் முடிந்த பிறகு ஒரு அரைச் சுற்றுக் கேட்பாராம். கொடுப்பதிலும் அப்படித்தான். அவர் வீட்டில் ஃபிரிட்ஜை இறக்கிவிட்டு வந்த எங்கள் வண்டி டிரைவர், ஒரு பலாப்பழத்தோடும் ஒரு நாய்க்குட்டியோடும் கடைக்குள் நுழைந்தார். பலாப்பழம் தூக்கிய கூலிக்காம். நாய்க்குட்டி கொசுறாம். அந்த நாய் அப்புறம் எங்கள் குடோனில் பல வருஷம் இருந்தது.

கல்யாணக் கதையை அவரே சொன்னார். மலையிலேயே பெரக்கரை நாடு என்கிற பகுதியில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். நகை, பாத்திரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமனாருக்கு ஏக மகிழ்ச்சி. வெற்றிலை மாற்றி முடித்து எழுந்திருக்கும்போது இவர் மெல்ல, "கூட என்னங்க?" என்றிருக்கிறார். மாமனார் திகைத்து நின்று, பிறகு வாசலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சேவலைப் பிடித்துக் கையில் கொடுத்திருக்கிறார். அந்தச் சேவல் விடிகாலையில் கூவவே கூவாது. உச்சி வெயிலில், சோறு உண்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துக் கூவும். ஆறு வருஷம் வைத்திருந்தாராம்.

"அடிச்சுக் கொழம்பு வெச்சிருக்கலாமே" என்றேன்.

"கொசுறுல குத்தம் சொல்லக் கூடாதுங் கண்ணு. சாமான்ல ஓட்டை இருந்தா சண்டை போடலாம். கொசுறு அப்படியில்ல. அவங்களா மனசு வெச்சுக் குடுத்தது. அதப் போயி சரியில்லன்னு சொன்னா, அடுத்த தடவ குடுப்பாங்களா?"

"அப்ப சேவல் கொசுறுன்னா, செல்லம்மாக்கா சாமானுங்களா?" என்று சீண்டினேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அவ ஆளுங்க" என்றார். "கல்யாணந்தான் சாமான்." அன்றைக்கு வாங்க வந்த அயர்ன் பாக்ஸை வாங்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு வந்து, போன வாரம் கொஞ்சம் சூடாயிட்டனுங்க என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

செல்லம்மாள் அக்காவுக்கு ஒரு பிரச்சனை இருந்தது. மலை இறங்க முடியாது. எழுபது கொண்டை ஊசி வளைவு. மலைக்காரர்கள் அதில் தூங்கிக்கொண்டே போவார்கள். ஆனால் அக்காவுக்கு இரண்டாவது வளைவிலேயே தலை சுற்றி, மூன்றாவதில் குடலைப் புரட்டும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூட்டி வந்திருக்கிறார். எலுமிச்சம்பழம், புளி, கற்பூரம் எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு பதினோராவது வளைவு வரைக்கும் வந்திருக்கிறார் அக்கா. அங்கே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், மறுபடி ஏற மறுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் வந்த வழியே மேலேறி நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பதினெட்டு வருஷமாக அக்கா மலை இறங்கவில்லை.

ஒன்றும் குறையில்லாத வாழ்க்கைதான். ஆனால் அக்காவின் தங்கச்சி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவள், பொங்கலுக்குப் பொங்கல் வந்து, தியேட்டரில் படம் பார்த்த கதையைச் சொல்லிவிட்டுப் போவாள். ஆள் முகம் வீட்டை விடப் பெரிசாகத் தெரியுமாம். அக்கா சமைப்பதை நிறுத்திவிட்டு, "கண்ணு மட்டும் எம்மாம் பெருசு இருக்கும்?" என்று கேட்பாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு படம், ஒரே ஒரு படம் அவளத் தியேட்டர்ல உக்கார வெச்சுக் காட்டிப்புடோணுங் கண்ணு. அவ எறங்க முடியாது. தியேட்டர்தான் ஏறோணும்."

அந்த வருஷம் மிளகு நன்றாகப் போயிருந்தது. கடையில் இருந்ததிலேயே பெரிய டிவியை எடுத்துக்கொண்டார். டிவியோடு ஒரு சுவர்க் கடிகாரமும் ஸ்டெபிலைசரும் கேட்டு வாங்கினார். மிச்சமிருந்தது படம் ஓட்டும் மிஷின். அங்கேதான் என் வாய் வேலை செய்தது.

அது புது வகைத் தட்டுகள் வந்திருந்த சமயம். பார்ப்பதற்குப் பழைய டிவிடி மாதிரியேதான் இருக்கும், படம் மட்டும் துல்லியமாகத் தெரியும். அதிலும் இரண்டு கட்சி. இரண்டு கம்பெனிக் கூட்டங்கள் ஆளுக்கொரு வகைத் தட்டைக் கொண்டுவந்து, என்னுடையதுதான் நிற்கும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாது. தட்டு ஓட்டும் மிஷினைத் தனியாக வாங்கினால் யானை விலை. அதனால் இரண்டு கூட்டமும் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் பெட்டியைப் பிடித்துக்கொண்டன. ஒரு கம்பெனி தன் கேம் பெட்டிக்குள்ளேயே புதுத் தட்டு ஓட்டும் மிஷினை வைத்து மூடிவிட்டது. கேம் பெட்டி வாங்கினால் சினிமாவும் வந்துவிடும். இன்னொரு கம்பெனி கேம் பெட்டியைத் தனியாகவும், அதன் பக்கத்தில் வைத்து ஒயர் கொடுக்கிற தட்டு மிஷினைத் தனியாகவும் விற்றது. எங்கள் ஊர் லாரி முதலாளிகள், கோழிப்பண்ணைக்காரர்கள் வீட்டுப் பையன்களுக்காக எங்கள் முதலாளி இரண்டையும் வரவழைத்திருந்தார். எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் இருந்து வந்த கம்பெனி ஆட்களே மழுப்பினார்கள்.

நான் இரண்டையும் அவருக்கு ஓட்டிக் காட்டினேன். அவர் தனியாக விற்கிற மிஷினைக் காட்டி, "இதையும் காசு குடுத்துத்தான் வாங்கோணுமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"தனியா வாங்குனா அது எப்படிங்க கொசுறு? இது நிக்காதுங்க. தூக்கி வெச்சிருங்க."

அடுத்த வருஷமே அந்தத் தட்டு வகை காணாமல் போனது. எங்கள் கடையில் நாலு மிஷின் தேங்கிவிட்டது. உலகம் முழுக்க யார் யாரோ எழுதிய ஆரூடங்களை அதற்கப்புறம் படித்திருக்கிறேன். ஒரு பக்கெட்டைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த மனுஷர் அரை நிமிஷத்தில் சொன்னதை யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

மற்ற பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள்ளேயே, தட்டு போடாமலே ஓடும்படி, ஒரு கார் ஓட்டும் கேம் ஏற்றி வைத்திருந்தார்கள். கூடவே ஒரு படத் தட்டும் உண்டு.

"இதுல எது சாமான், எது கொசுறு?"

நியாயமாகப் பார்த்தால் அவர் வாங்க வந்தது படத்துக்கு. கேம் அவருக்கு எதற்கு? ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த நான், "கேமுதானுங்ணா சாமான். படம் ஓட்டற மிஷின் முழுசும் கொசுறு" என்றேன்.

அவர் கண் விரிந்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. சாமான் அளவுக்கே பெரிய கொசுறை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல கம்பெனிங்க" என்றார். அந்த மாதம் எனக்கு இன்சென்டிவ் கிடைத்தது. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் வரும்போதெல்லாம் தியேட்டர் நிலவரம் சொல்லுவார். ஜன்னல்களில் காப்பிச் சாக்கைத் தொங்கவிட்டுப் பகலிலேயே இருட்டாக்கியிருந்தார். கூட வந்த தட்டில் இருந்தது கடலுக்கடியில் மீன்கள் நீந்துகிற ஒரு ஆங்கிலப் படம். அந்த வகைத் தட்டில் தமிழ்ப் படம் எதுவும் அப்போது எங்கள் கடைக்கு வரவில்லை. பழைய டிவிடியும் அதில் ஓடும், தமிழ்ப் படம் அதில் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பார்த்தார்கள். ஆனால் புதுத் தட்டின் துல்லியம் அவருக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. விருந்தாளி யார் வந்தாலும் முதலில் மீன்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"கண்ணு பெருசாத் தெரியுதுங்கறா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீனு பேசவே மாட்டேங்குதேங்கறா" என்றார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் வந்து, இருப்பதிலேயே சாதாரணமான டிவிடி பிளேயர் ஒன்று வேண்டும் என்றார். கூட என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே என்னமோ மாதிரி இருந்தது.

"ஏனுங்ணா, ஊட்லதான் பெட்டி இருக்குதே?"

"இருக்குதுங் கண்ணு. ஜம்முனு இருக்குது."

"அப்பறம் இது எதுக்குங்க?"

"சும்மா. ஒண்ணு கெடக்கட்டுமேன்னு." காதைச் சொறிந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். நான் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததும் சொல்லிவிட்டார். "தட்டு உள்ள போவுதுங்க. போயி உர்ருங்குது. அப்பறம் வெளிய தள்ளிருது. ரெண்டு மாசமாச்சு."

"அட, இன்னும் வாரண்டி இருக்குதுங்க! கொண்டாங்க, புதுசாவே மாத்திக் குடுத்துருவாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, அடுத்தவர் தோட்டத்தில் மிளகு பறிக்கலாமா என்று நான் கேட்டுவிட்டது போல இருந்தது.

"கொசுறுக்கா?"

"ஆமாங்க, அதுக்கும் சேத்துத்தான் வாரண்டி."

"நீங்கதானுங் கண்ணு சொன்னீங்க, கேமு சாமான், படம் கொசுறுன்னு. சாமான் நல்லாத்தான் ஓடுது, அவ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கறா. கொசுறு கெட்டுப்போச்சுன்னு நான் உங்க முன்னால வந்து நின்னா, நாளைக்குச் சந்தையில எவன் எனக்கு ஒரு கொத்து மல்லித்தழை குடுப்பான்?"

வாடிக்கையாளர் வாரண்டி கேட்பதும், நாங்கள் அது இதில் சேராது என்று சமாளிப்பதும்தான் எங்கள் தொழில். அன்றைக்குத் தலைகீழ். உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நான் கெஞ்சுகிறேன், இல்லவே இல்லை என்று அவர் அடம்பிடிக்கிறார். முதலாளி கல்லாவில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவரை ஒரு போட்டோ எடுத்து சர்வீஸ் கவுண்டர்ல மாட்டுடா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கில் வந்த ஒரு பொய்யைச் சொல்லி, ஒரு மனுஷருடைய தியேட்டரை நானே இழுத்து மூடிவிட்டேன் என்பது உறைத்தது.

டிவிடி பிளேயரை நான் விற்கவில்லை. ஸ்டாக் இல்லை என்று இன்னொரு பொய் சொல்லி அனுப்பினேன். சேல்ஸ்மேன் வாழ்க்கையில் வந்த விற்பனையை நானே கெடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். பழைய பெட்டியை நானே இறக்கிக்கொண்டு வருகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சி, புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

நான் சமவெளிக்காரன். அதுவரை மலை ஏறியதில்லை. பத்தொன்பதாவது வளைவில் காலை டிபன் வெளியே வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டும்போது செல்லம்மாள் அக்கா மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகியிருந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நானாக இருந்தால் மூன்றாவது வளைவிலேயே இறங்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து கொசுறுக்காரர் மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். உள்ளே எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. சாக்குத் தொங்குகிற கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டிவி முழுக்க ஒரு மலைப் பாதை. அதில் ஒரு சிவப்புக் கார் பறந்துகொண்டிருந்தது. எதிரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றபடி, கேமை இயக்குகிற ரிமோட்டை இரண்டு கையிலும் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார் செல்லம்மாள் அக்கா. இடது வளைவு வந்தால் அவர் இடது பக்கம் சாய்ந்தார். பாயில் இருந்த மூன்று பேரும் கூடவே சாய்ந்தார்கள்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார், திரும்பாமலே. "ஒரே ஒரு வளைவு இருக்குது. முடிச்சுப்புட்டு வாரேன்."

கொசுறுக்காரர் என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "ரெண்டு மாசமா இப்படித்தானுங் கண்ணு. தட்டு ஓடறது நின்னதுல இருந்து. ஒலைய வெச்சுப்புட்டு ஓட்டறா, எறக்கிப்புட்டு ஓட்டறா. பாவம், வேற என்ன பண்ணுவா? தியேட்டர் காட்டறேன்னு சொல்லிக் காரு காட்டிக்கிட்டிருக்கறேன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டனுங்க. உங்களுக்குப் படம் ஓட்டற மிஷின்தான் சாமான். கேமுதான் கொசுறு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேமுதான் கொசுறுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப படந்தான் சாமான்."

"ஆமாங்க."

"சாமான்தான் கெட்டுக் கெடக்குது."

"ஆமாங்க."

"அப்பறம் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க இத்தன நாளா!" என்று ஒரு கத்து கத்தினார். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. "ரெண்டு மாசம்! காசு வாங்கல நீங்க? ஓட்டை சாமானத் தலையில கட்டிப்புட்டு ஏசியில உக்காந்திருக்கறீங்களா? எடுங்க புதுசை! மொதல்ல அத மாட்டுங்க!"

நான் திட்டு வாங்கிக்கொண்டே ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். அப்படி ஒரு நிம்மதியோடு நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. தட்டைப் போட்டேன். உள்ளே போனது. திரை நீலமாகி, பெரிய மீன் ஒன்று மெல்ல வந்தது.

"மறுபடியும் மீனா?" என்றாள் பாயில் இருந்த ஒருத்தி.

செல்லம்மாள் அக்கா ரிமோட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"எந்த பஸ்ஸுக்குப் போறீங்க தம்பி?"

"பத்தரைக்குங்க்கா."

"நானும் வாரேன்."

பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொசுறுக்காரர்தான் முதலில் பேசினார். "ஏண்டி, உனக்கு ஒத்துக்காதே."

"ஆரோ திருப்பறதுனாலதான் கொமட்டுதுங்க. நானே திருப்புனா கொமட்டறதில்ல. ரெண்டு மாசமா எத்தன வளைவு திருப்பியிருக்கறேன், ஒரு நாளு தலை சுத்துச்சா?"

"பஸ்ஸ நீ எப்படி ஓட்டுவ?"

அக்கா கையில் இருந்த ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். "இது இருக்குதில்ல."

அது ஒயர் இல்லாத ரிமோட். வீட்டை விட்டு வெளியே வந்தால் வெறும் பிளாஸ்டிக். அதை நான் சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் அக்கா உட்கார்ந்தார். சாலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் நின்ற இரண்டு பேரை நகரச் சொன்னார். அக்கா பக்கத்தில், எலுமிச்சம்பழப் பையோடு கொசுறுக்காரர். எதிர் சீட்டில் பழைய பெட்டியோடு நான். பஸ் கிளம்பியதும் அக்கா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் வளைவு வந்தது. கட்டை விரலை அழுத்தி, உடம்பைச் சாய்த்து, திருப்பினார். பஸ்ஸும் திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எதிரே லாரி வந்தபோது பிரேக் பட்டனை அழுத்தினார். பஸ் நின்றது. அக்கா திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "யக்கா, ஹாரன் நீங்க அடிக்கறீங்களா, நான் அடிக்கட்டுமா?"

"நீங்களே அடிங்க" என்றார் அக்கா, சாலையில் இருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குக் கையி ஒழியல."

பதினோராவது வளைவு நெருங்கியபோது கொசுறுக்காரர் என் பக்கம் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. அக்கா திருப்பினார். வளைவு பின்னால் போனது. பன்னிரண்டும் போனது. அவர் கையை எடுக்கவே இல்லை. அந்தக் கையோடுதான் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து மூன்று தடவை வாந்தி எடுத்தேன். எலுமிச்சம்பழம் முழுக்க எனக்குத்தான் செலவானது.

அடிவாரத்தில் பஸ் நின்றது. சமவெளி வெயில் உள்ளே வந்தது. அக்கா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, திரும்பி மலையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கொசுறுக்காரர் மட்டும் தட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

நாமக்கல்லில் மேட்னி ஷோவுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். என்ன படம் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரே அடிதடிப் படம். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் அவர், அந்தப் பக்கம் அக்கா. விளக்கு அணைந்தது. திரை முழுக்க ஒரு முகம் வந்தபோது அக்கா, "யாத்தே" என்று சீட்டில் பின்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தில் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் போயிருக்காது. எழுபது வளைவு ஓட்டிய அலுப்பு. அக்காவின் தலை மெல்லச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டது போல இருந்தது. நான் எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். கண்ணாலேயே அதட்டினார்.

திரையில் ஒரு லாரி வெடித்துச் சிதறியது. தியேட்டரே அதிர்ந்தது. அவர் தோளை அசைக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, டிவி விற்கிற என்னிடம் ரகசியக் குரலில் சொன்னார்:

"சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங் கண்ணு. இப்பத்தான் தூங்கறா."